காருக்குள் வந்த குரல்

'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"உடைஞ்சுதா?" வீட்டுக்குள்ளிருந்து ராடிஷாவின் குரல் வந்தது.

"உடையலப்பா. கழண்டுது!" என்று காருக்குள்ளிருந்து மகள் யாஸ்னா கத்தினாள்.

"இருக்கற மதிப்பும் போச்சு. சாயந்தரம் வாங்கறதுக்கு ஆள் வரப்போறான். மூஞ்சியில பொத்தல் விழுந்த வண்டியையா அவன்கிட்ட காட்டுவேன்?"

தெசாங்கா இருவருக்கும் நடுவில் முற்றத்து அடுப்பருகே உட்கார்ந்து சிவப்புக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் வால்யெவோ ஊர் முழுக்க இந்த வாசனைதான். தோலை உரித்து, அரைத்து, கிளறி, குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைத்தாக வேண்டும். ஆனால் இன்று அவள் கண் மிளகாயில் இல்லை. அக்ரூட் மரத்தடியில் நின்ற காரின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மகளின் இரண்டு கால்களிலேயே இருந்தது.

பிப்ரவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்த அவள் கணவர் ராடிஷாவின் கழுத்தில் டாக்டர்கள் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார், கை கால் விளங்கியது. தலை மட்டும் திரும்பவில்லை. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும்.

கார் ஓட்டலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். சந்துதான் விடவில்லை. மேட்டில் ஏறும் முட்டுச்சந்து அது, அதில் கடைசி வீடு இவர்களுடையது. வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. வரும்போதோ போகும்போதோ ஏதாவது ஒரு தடவை பின்னாலேயே போய்த்தான் தீர வேண்டும். கண்ணாடிகளை நம்பி ஜூன் மாதம் இறங்கியவர், பக்கத்து வீட்டு மிலுங்காவின் மதிலைச் சாய்த்துவிட்டார். முப்பது வருஷம் பெல்கிரேடு பஸ் ஓட்டியவர்! மதிலை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டியவர்தான், அதன் பிறகு தொடவே இல்லை. உடற்பயிற்சி சிகிச்சைக்கு, சந்தைக்கு, தெசாங்காவின் தங்கை வீட்டுக்கு, எங்கே போவதானாலும் யாஸ்னாதான் ஓட்டினாள்.

போன வாரம் அவர் முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியதும், மறுநாளே லோஸ்னிட்சா ஊரிலிருந்து ஒருவன் போன் செய்ததும், யாஸ்னா தபால் நிலையத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கியதும் அடுத்தடுத்து நடந்துவிட்டன.

"இது வெறும் பாட்டுப்பெட்டி இல்லப்பா. திரை இருக்கு. பின்னால கேமரா வைக்கப்போறேன். ரிவர்ஸ் போட்டா சந்து மொத்தமும் உனக்கு முன்னாலயே தெரியும். தலையத் திருப்பவே வேணாம்."

"கார்ல டிவியா? நாப்பது பேர வச்சு ஓட்டினவன் இப்ப டிவி பாத்துத்தான் ஓட்டணுமா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் இன்று விடிந்ததுமே யாஸ்னா பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். பல்செட்டு செய்யும் லேபில் வேலை அவளுக்கு. பொடி வேலை விரலுக்குப் பழகினதுதான். ஆனால் ஏன் இத்தனை அவசரம்? காபி கொடுக்கப் போனபோதுகூட அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கோப்பையை வாங்கிக்கொண்டாளே? கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்து இரண்டு தடவையும் மிளகாயைப் புரட்டினாள் தெசாங்கா.

*

சாயந்தரம் வருகிறேன் என்ற லோஸ்னிட்சாக்காரன் மத்தியானத்துக்கு முன்பே வந்து நின்றான்.

அந்த நேரத்தில் காரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழைய ஸ்டீரியோ புல்தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு குகை. குகையிலிருந்து கலர் கலராகக் கம்பிகள் தொங்கின. கேமராவின் நீளக் கம்பியைக் கதவோரமாக விரிப்புக்கு அடியில் ஓட்டியிருந்ததால் ஒரு பக்கத்து விரிப்பும் பெயர்ந்து கிடந்தது.

"இதென்னங்க, ஆபரேஷனா நடக்குது?" என்றான் வந்தவன்.

ராடிஷாவுக்கு முகம் சிவந்தது. "பொண்ணு ஸ்டீரியோ மாத்தறா. எஞ்சினைப் பாருங்க, எஞ்சின் தங்கம்."

அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்து பின் பம்பரைக் காலால் தட்டினான். அங்கேயிருந்த கீறலைப் பார்த்தான், ராடிஷாவின் விறைத்த கழுத்தையும் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"கழுத்து திரும்பாத டிரைவர் வண்டின்னு சொன்னாங்க. வேற எங்கெல்லாம் முட்டியிருக்கோ, யார் கண்டா? பழைய இரும்பு விலைக்குன்னா எடுத்துக்கறேன்."

யாஸ்னாவின் கால்கள் அசையாமல் நின்றன. தெசாங்காவின் அடுப்பில் மிளகாய் கருகியது.

ராடிஷா நடந்து போய் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று உரித்தார்.

"இது விக்கறதுக்கில்ல."

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க…"

"நானும் பேச்சுக்குத்தான் ஒட்டினேன்."

வந்தவன் போகிற வரைக்கும் தெசாங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு காபி குடிக்காமப் போறீங்களே," என்று வாசல் வரை கூடப் போய்ச் சொல்லிவிட்டு, சந்தோஷமாகக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்தால், ராடிஷா ஒரு நாற்காலியை இழுத்து வந்து கார் கதவுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த மஞ்சக் கம்பி எதுக்கு?"

"அது எப்பவும் கரண்ட் வர்றதுக்குப்பா. சிவப்பு, சாவி போட்டா மட்டும் வர்றதுக்கு."

"ம். டார்ச்சை நான் பிடிக்கறேன். நீ வாயில கவ்விக்கிட்டு வேலை செஞ்சா பல்லு போயிடும். அப்புறம் உனக்கே நீ செட்டு செஞ்சுக்கணும்."

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் திரை நீலமாக விழித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் "ஆ!" என்றார்கள். ஆனால் சாவியை எடுத்து மறுபடி போட்டால் மணியும் மறந்து போயிருந்தது, ரேடியோ நிலையங்களும் மறந்து போயிருந்தன.

"என் மாமனார் மாதிரி," என்றாள் தெசாங்கா.

"எங்கப்பாவை இழுக்காத," என்றார் ராடிஷா. ஆனால் அவரும் சிரித்தார்.

யாஸ்னா உதட்டைக் கடித்து யோசித்தாள். இந்தக் காரில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. திரையை வெளியே இழுத்து இரண்டையும் மாற்றிச் செருகினாள். இந்தத் தடவை சாவியை எடுத்துப் போட்டாலும் மறக்கவில்லை. தன் போனையும் அதோடு இணைத்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள்.

அடுத்து கேமரா. ரிவர்ஸ் கியர் போட்டால் படம் வர வேண்டும். வரவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது.

"அம்மா, பின்னால போய் நில்லு. வெள்ளை விளக்கு எரியுதான்னு சொல்லு."

தெசாங்கா பின்னால் போய் நின்றாள். "எரியுது. ஆனா இந்த வலது பக்கம் மட்டுந்தான் எரியுது. இடது பக்கம் ஒண்ணுமில்ல."

"நான் இடது பக்கந்தானே இணைச்சேன்!" யாஸ்னா தலையில் அடித்துக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டாள்.

கம்பி வலது பக்கத்துக்கு மாறியது. ராடிஷா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் தொடாத கியர் குமிழைத் தொட்டு, ரிவர்ஸுக்குத் தள்ளினார்.

திரையில் முற்றத்து வாசல் வந்தது. வாசலுக்கு அப்பால் சந்து, மிலுங்காவின் புது மதில், மதிலோரம் ஒரு பூனை. எல்லாவற்றுக்கும் மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள்.

ராடிஷா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பூனைகூடத் தெரியுது," என்றார் கடைசியில்.

*

"கீழ வரைக்கும் போய்ட்டு வரலாமா?"

இதைக் கேட்டது ராடிஷாவேதான். தெசாங்கா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். யாஸ்னா காரின் மூக்குக்கு எதிரே நின்று கைகாட்டிக்கொண்டே கூட நடந்தாள். கார் முற்றத்தை விட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது. ராடிஷாவின் கண் திரையை விட்டு அகலவில்லை. மிலுங்காவின் மதில் ஒரு பக்கமாக வந்தது, ஒதுங்கியது, போய்விட்டது. இடிக்கவில்லை. உரசக்கூட இல்லை.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

"பாத்தேன், பாத்தேன். ரோட்டைப் பாரு."

"டிவியைத்தான் பாக்கணும். அதுதான் ரோடு."

பாதிச் சந்து இறங்கியிருப்பார்கள். திடீரென்று திரையில் படத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெயரும், பச்சையும் சிவப்புமாக இரண்டு வட்டங்களும் வந்தன. கார் முழுக்க மணி அடித்தது.

"ஐயோ, படம் போச்சு!" ராடிஷா பிரேக்கை மிதித்துவிட்டு, போன படத்தைத் திரும்பக் கொண்டுவரும் அவசரத்தில் பச்சை வட்டத்தில் விரலால் குத்தினார்.

"யாஸ்னா? நான் ஓல்கா, திரியெஸ்தெலேருந்து." நாலு ஸ்பீக்கரிலும் ஒரு பெண்குரல் கணீரென்று நிறைந்தது. "கண்ணு, நான் கூப்பிடறது இது மூணாவது தடவை. எங்க பல்செட்டு லேப்ல உனக்கான மேசையை திங்கக்கிழமை வரைக்குந்தான் பிடிச்சு வைக்க முடியும். அப்பாவுக்கு வண்டி ஓட்ட வந்துட்டா அன்னிக்கே கிளம்பிடறேன்னு சொன்னியே. என்ன, ஓட்ட ஆரம்பிச்சாரா இல்லையா?"

ஜன்னல்கள் திறந்திருந்தன. முன்னால் நின்ற யாஸ்னா, சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய? சொல்ல வேண்டியதெல்லாம் காருக்குள் சொல்லியாகிவிட்டது. அவள் எதையோ அழுத்தினாள், குரல் நின்றது.

ராடிஷா கைப்பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார்.

"ஓட்ட வந்துட்டா அன்னிக்கே," என்றார், தன்னிடமே சொல்லிக்கொள்வது போல.

"அப்பா, நான் இன்னிக்கு ராத்திரி சொல்லணும்னுதான்…"

"இதுக்குத்தான் இந்த டிவி. என்னைக் கழட்டிவிட."

கதவைத் திறந்து இறங்கினார். காரை அங்கேயே விட்டுவிட்டுச் சந்தில் கீழ்நோக்கி நடந்தார். யாஸ்னா இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. திரும்புவதானால் முழு ஆளாகத் திரும்ப வேண்டுமே, அதற்கு அவருக்கு இப்போது மனசில்லை.

மகள் மதிலில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தெசாங்கா அந்த ஊர்ப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். திரியெஸ்தெ. கடலோரம் இருக்கிற இத்தாலிக்கார ஊர். மகள் ஒரு வருஷம் முன்பு அங்கே வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், அப்பா விழுந்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆசை விட்டுப்போயிற்று என்று இவளும் நினைத்தாள். நினைத்தது வசதியாக இருந்தது, அதனால் கேட்கவே இல்லை.

கீழே பெரிய தெருவில் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. மிலுங்கா வீட்டுக்கு மிளகாய் மூட்டைகள் வந்திருக்கின்றன. நடுச்சந்தில் கார் நின்றால் எப்படி ஏறும்?

"அம்மா, நீ இறங்கு. நான் எடுக்கறேன்," என்று யாஸ்னா கண்ணைத் துடைத்தாள்.

தெசாங்கா இறங்கவில்லை. கியர் குமிழைத் தாண்டிக் காலை எடுத்துப் போட்டு, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள்.

"அம்மா! உனக்கு லைசென்ஸ் எங்க இருக்கு?"

"இருக்கு. உன்னைவிட ஒரு வயசு மூத்தது. தவறாமப் புதுப்பிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

யாஸ்னாவின் வாய் திறந்தபடி நின்றது.

"கல்யாணமான புதுசுல சந்தை வாசல்ல ஒரு தடவை எஞ்சின் நின்னு போச்சு. பின்னால எல்லாரும் ஹார்ன். 'தள்ளு, நான் ஓட்டறேன்'னார் உங்கப்பா. நானும் தள்ளினேன். அப்புறம் அவரும் கேக்கல, நானும் கேக்கல." சீட்டை முன்னுக்கு இழுத்தாள். "எந்த மிதி கிளட்ச்சு? இடதுதானே?"

"இடதும்மா. அம்மா, பயமா இருக்கு."

"எனக்கும்தான். ஏறு."

எஞ்சின் முதல் தடவை குலுங்கி நின்றது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. திரையில் சந்து விரிந்தது. எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! கோடு சுவரைத் தொடப் போனால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும், அவ்வளவுதானே? பின்சீட்டிலிருந்து யாஸ்னா மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. வண்டி தன் கனத்திலேயே பின்னோக்கி இறங்கியது. தெசாங்கா பிரேக்கை மட்டும் விட்டு விட்டு மிதித்தாள்.

திரையின் நடுவில் ஒரு முதுகு வந்தது. விறைத்த கழுத்தும் தொய்ந்த தோளுமாக ஒரு முதுகு. மெல்ல மெல்லப் பெரிதானது. தெசாங்கா ஹார்னை 'பீப் பீப்' என்று அழுத்தினாள்.

சத்தம் கேட்டு அந்த முதுகு முழுசாகத் திரும்பியது.

ராடிஷாவின் முகத்தைத் திரையில் பார்த்தபோது தெசாங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மதிலோடு ஒட்டி நின்று, கார் பக்கத்தில் வந்ததும் ஜன்னலுக்குள் குனிய முடியாமல் முழங்காலை மடக்கிப் பார்த்தார்.

"நீயா!"

"ஏறு. வேன்காரன் கத்தறான்."

"தள்ளு, நான்…"

"தள்ள மாட்டேன். அந்தப் பக்கம் ஏறு."

அவர் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இந்தக் காரில் அந்தப் பக்கத்துக் கதவு எப்படிச் சாத்தும் என்பதுகூட அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை அறைந்து சாத்தினார்.

பெரிய தெருவுக்கு வந்து, வேனுக்கு வழிவிட்டு, தெசாங்கா முதல் கியரைத் தேடிப் பிடித்தாள். கொலுபாரா ஆற்றோரமாகக் கார் ஊர்ந்தது. சைக்கிள்காரன் ஒருவன் முந்திப் போனான்.

"ரெண்டாவது போடு," என்றார் ராடிஷா.

"போடறப்ப போடுவேன்."

பின்னாலிருந்து யாஸ்னா சொன்னாள்: "அப்பா, நீ எனக்குச் சுமைன்னா சும்மா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பேன். எந்தக் கம்பி எங்க போகுதுன்னு வேலை முடிஞ்சு வந்து ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்சிருக்க மாட்டேன். நான் இல்லாதப்ப நீ வீட்டுக்குள்ளயே கிடக்கக் கூடாது. அதான்."

ராடிஷா முன்கண்ணாடி வழியே ஆற்றையே பார்த்தார்.

"உனக்குப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டார். "எங்களுக்காக இல்ல. உனக்கு."

"இருக்குப்பா."

"அப்ப ஏன்டி முதல்லயே சொல்லல?"

"நீ 'போ'ன்னு சொல்லிடுவியோன்னு பயம். சொல்லிட்டு, நீ வீட்டு ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருப்பியோன்னு பயம்."

தெசாங்கா இரண்டாவது கியரைப் போட்டாள், கார் துள்ளியது.

பிறகு ராடிஷா கையை நீட்டித் திரையை வருடிப் பார்த்தார். "இதுல போன் பண்ணவும் முடியுமா? அந்தம்மா பேரு… ஓல்கா. இதா இருக்கு."

"அப்பா, வேணாம்ப்பா! நானே பேசிக்கறேன்…"

குத்திவிட்டார். மணி அடித்தது.

"யாஸ்னா? என்னம்மா, வெச்சுட்டியே?"

"யாஸ்னா இல்லைங்க. அவ அப்பா, ராடிஷா." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், பஸ்ஸில் அறிவிப்புச் செய்பவர் மாதிரி. "என் பொண்ணு வருவா. மேசையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. நான் வண்டி ஓட்டறேன். என் சம்சாரமும் ஓட்டறா. இப்பகூட அவதான் ஓட்டறா, ரெண்டாவது கியர்ல."

ஓல்கா சிரித்தாள். "ரொம்ப சந்தோஷம்ங்க!"

"தங்கற இடம் எப்படிங்க? ஓதம் கீதம் இல்லையே?"

"நல்ல வெளிச்சமான மாடி. ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும்."

"யாருங்க ரெண்டு பேர்?"

"ரெண்டு பேருக்கு இடம் வேணும்னு யாஸ்னாதானே கேட்டா…" குரல் தயங்கியது. "ஐயோ, அதையும் இன்னும் வீட்ல சொல்லலையா?"

தெசாங்கா பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் குலுங்கி நின்றது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும்.

ராடிஷா பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் துடித்தார். தோளை ஒரு பக்கம் தள்ளினார், இடுப்பை முறுக்கினார், சீட் பெல்ட் விடவில்லை.

"தெசாங்கா, நீ பாரு. அவ மூஞ்சி எப்படி இருக்கு?"

தெசாங்கா முழுசாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

"சிரிக்கறா," என்றாள்.